பீட்ரூட் குறைத்த நான்கு நிமிடம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யை எழுதியவள் நான்.

போன வருடம் எங்கள் ஓட்டக் குழுவின் பக்கத்தில், கையில் ஒரு டம்ளர் சிவப்புச் சாறோடு நிற்கும் என் படத்தைப் போட்டு இப்படி எழுதினேன்: "ஆறு வாரம் பீட்ரூட் சாறு. பத்து கிலோமீட்டரில் நான்கு நிமிடம் குறைந்தது. வயது நாற்பத்தொன்பது. நம்புங்கள்." நானூற்றுப் பன்னிரண்டு பேர் லைக் போட்டார்கள். என் மகள் பட்டம் வாங்கிய படத்துக்கு வந்தது முப்பத்தொன்று.

ஆறு வாரம் குடித்தது உண்மை. நான்கு நிமிடம் குறைந்ததும் உண்மை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்ததுதான் பொய். ஏனென்றால் அன்று திரும்பும் இடத்தில் நான்—

[இந்த வாக்கியம் இப்போதைக்கு இங்கேயே நிற்கட்டும். ஆறாம் பகுதியில் முடிக்கிறேன். முடிக்காமல் விட்டால் கமெண்டில் வந்து கேளுங்கள்.]

நாளைக் காலை அதே ஓட்டம் மறுபடி நடக்கிறது. என் நாத்தனாரும் ஓடுகிறாள். என் பதிவைப் படித்துத்தான் அவள் ஓடவே ஆரம்பித்தாள். நாளை ஓடி முடித்ததும் ஷூவைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிடப் போவதாக இன்று காலை சொல்லிவிட்டாள். அவள் உடம்பு எதற்கும் லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவுக்கு அவள் வைத்திருக்கும் ஆதாரம் என் நான்கு நிமிடம்தான்.

ஆக, நாளைக்குள் நான் ஒன்று சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும். சொல்லப் பயமாக இருப்பதால் கதை எழுதுகிறேன்.

2

நான் எழுத்தாளர் இல்லை. பல் செட் செய்கிறவள். வாயின் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றினால் இறுக முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணியில்தான் எழுதுகிறேன். அதனால் நடுநடுவே கதை அறுந்தால், மாவு இறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு மூன்று முயற்சி செய்தேன்.

முயற்சி ஒன்று: "சூரியன் மெல்ல எழுந்தபோது அவள் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள்." சூரியன் என்றைக்கு அவசரமாக எழுந்தது? தவிர, நான் போடுவது ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த ஷூ. குனிந்து முடிச்சுப் போட்டால் நிமிர்வதற்குள் ஓட்டம் ஆரம்பித்துவிடும். அடித்தாயிற்று.

முயற்சி இரண்டு: "பீட்ரூட், கீரை போன்ற காய்கறிகளில் உள்ள நைட்ரேட் என்னும் பொருள்..." இதைப் படித்த என் வீட்டுக்காரர் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். அடித்தாயிற்று.

முயற்சி மூன்று: "குளியலறையில் இருந்து என் வீட்டுக்காரர் ஒரு சத்தம் போட்டார்." இது நன்றாக இருந்தது. நான் மிச்சம் வைத்த சாற்றை முந்தின நாள் அவர் குடித்திருந்தார். காலையில் போனபோது எல்லாம் சிவப்பு. பீட்ரூட் குடித்தால் சிலருக்கு அப்படித்தான் போகும் என்று அவருக்குத் தெரியாது. வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்து, மிகவும் நிதானமாக, பீரோவின் இன்னொரு சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருடம். இன்னொரு சாவி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆனால் அப்படித் தொடங்கினால் இது அவர் கதையாகிவிடும். அவருக்கு அது ஆசைதான்.

3

தூங்க வைத்த பகுதியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இது இல்லாவிட்டால் பின்னால் வரும் எச்சில் சமாசாரம் புரியாது.

பீட்ரூட்டில் நைட்ரேட் இருக்கிறது. அது உடம்பில் சில மாற்றங்கள் அடைந்து ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் தளர்த்துகிறது. அதனால் அதே ஓட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாக மூச்சு செலவாகலாம். இப்படிச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. பலன் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்பவையும் உண்டு. பலன் தெரிந்தவற்றிலும் அது கொஞ்சம்தான். ஓடிப் பழகியவர்களுக்கு இன்னும் குறைவு. நான்கு நிமிடம் என்று நான் எங்கும் படிக்கவில்லை. என் பதிவில் மட்டும்தான் படித்தேன்.

(ஓர் அடிக்குறிப்பு, அடிக்குப் போகச் சோம்பலாக இருப்பதால் இங்கேயே: கேரட் பொடி, கீரை மாத்திரை, காய்ந்த தக்காளித் தூள் எல்லாம் எங்கள் குழுவில் வந்து போயிருக்கின்றன. கீரை மாத்திரை சாப்பிட்ட ஒருவர் நிஜமாகவே வேகமாக ஓடினார். கழிப்பறைக்கு.)

இப்போது நாத்தனார். முதல் வரைவில் அவளை வில்லியாக எழுதினேன். நாத்தனார் என்று எழுதினாலே பேனா அந்தப் பக்கம்தான் சாய்கிறது. வாசலில் நின்று குத்திக் காட்டுகிறவள், அண்ணன் தட்டில் என்ன விழுகிறது என்று எட்டிப் பார்க்கிறவள். இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் படித்தால், அது யாரோ ஒருத்தி. என் நாத்தனாருக்கு நாற்பத்தைந்து வயது. எங்களுக்கு மேல் மாடியில் தனியாக இருக்கிறாள். குடிதண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. பாட்டிலில் வரும் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் எண்ணாக எழுதிக் கொடுப்பாள். என்னிடம் அவள் பேசும் எந்தப் பேச்சும் "அண்ணி"யில் தொடங்கும், இல்லாவிட்டால் "அண்ணி"யில் முடியும். சண்டை போட்டாலும் அப்படித்தான். "உங்களுக்கு அறிவே கிடையாது அண்ணி" என்று சொல்வாள்.

போன வருடம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் வீட்டில் திரைச்சீலையே விலகவில்லை. மாடிப்படி ஏறும்போது வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது சிந்திவிடும் போல ஏறுவாள்.

"உள்ள ஒண்ண எடுத்துட்டாங்க. மிச்சம் எல்லாம் ஸ்ட்ரைக் பண்ணுது அண்ணி" என்றாள் ஒருநாள்.

அந்த வாரம்தான் நான் பதிவு போட்டேன். மறுநாள் அவள் இறங்கி வந்தாள். தலை வாரியிருந்தாள்.

"அண்ணி, நாப்பத்தொம்பது வயசுல நாலு நிமிஷமா?"

"ஆமா."

"நெஜமா?"

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை.

"நெஜமாதான்டி."

"அப்ப எனக்கும் ஓடக் கத்துக்குடுங்க அண்ணி."

4

எங்கள் குழுவை நடத்துபவரை விசில் என்போம். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவருடைய பயிற்சிக்கு ஒரே விதி உண்டு: "போட்டியில மூணு வார்த்தைக்கு மேல சேந்தாப்ல பேச முடிஞ்சா நீங்க ஓடல, உலாத்துறீங்க."

நாத்தனார் முதல் மாதம் நடந்தாள். அப்புறம் இரண்டு விளக்குக் கம்பத்துக்கு நடை, ஒரு கம்பத்துக்கு ஓட்டம். ஐந்தாவது மாதம் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர். என் பக்கத்தில் அரை அடி பின்னால் வருவாள், மூன்று மூன்று வார்த்தையாகப் பேசிக்கொண்டு.

"நாய் வருது அண்ணி."

"அது படுத்துருக்கு."

"எந்திரிக்கப் போகுது அண்ணி."

விசில் சைக்கிளில் வந்து சொல்வார்: "ஏம்மா, மூணு வார்த்ததான் இருக்கு. அதுல ஒண்ண அண்ணிக்கே குடுத்துட்டா மிச்சம் ரெண்டுல என்ன சொல்லுவ?"

"போதும் சார். அண்ணி."

ஒன்பதாவது மாதம் பத்து கிலோமீட்டரை எழுபத்தொரு நிமிடத்தில் முடித்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். அடுத்த முறையும் எழுபத்தொன்று. அதற்கடுத்ததும். எழுபதுக்குள் வர வேண்டும் என்று ஓர் ஆசை. பெரிய ஆசை இல்லை. மெடல் கேட்கவில்லை, எழுபதுக்குக் கீழே ஓர் எண் கேட்டாள். நான் ஆறு வாரம் குடித்ததைப் போல அவளும் ஆறு வாரம் குடித்தாள். காலை ஆறு மணிக்கு மூன்று டம்ளர் போடுவேன். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. வீட்டுக்காரருக்கு ஒன்று, அவர் கேட்காமலேயே. சிவப்பு அவருக்கு இப்போது பழகிவிட்டது.

முதல் வாரமே அவள் பல்லில் கறை பிடித்தது. அலுவலகத்தில் "யாரைக் கடிச்சீங்க மேடம்" என்று கேட்டார்களாம். பல் விஷயத்தில் நான் சும்மா இருப்பேனா? எங்கள் பல் செட் லேபில் ஒரு பெட்டி மவுத்வாஷ் கிடந்தது. கிருமியைத் துடைத்து எடுக்கும் பச்சை நிற வகை. ஆறு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தேன்.

"குடிச்ச கையோட இதால கொப்பளிச்சிடு. காலையும் ராத்திரியும். பல்ல எங்கிட்ட விட்டுட்டு நீ கால மட்டும் பாரு."

"நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன் அண்ணி" என்றாள்.

[இந்த வரி நான் சேர்த்தது இல்லை. அவள் நிஜமாகவே சொன்னாள். கதையில் வைத்தால் செயற்கையாக இருக்கிறது. எடுத்துவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. அதனால் வைத்திருக்கிறேன்.]

இந்த ஆறு வாரத்தின் கடைசியில் ஓடியபோதும் எழுபத்தொன்று.

5

இன்று காலை எட்டரை மணி. சாறு குடித்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. நாத்தனார் மாடியில் இருந்து ஒரு சின்ன டப்பாவோடு இறங்கி வந்தாள்.

"அண்ணி, துப்புங்க."

"யார் மேல?"

"இந்தப் பட்டை மேல. தண்ணியில நைட்ரைட் பாக்கற பட்டை. எச்சிலுக்கும் புடிக்கும். சாறு உள்ள போய் வேல செய்யுதுன்னா இது ரோஸ் ஆகும்."

சாப்பாட்டு மேசையில், தட்டுகளுக்கு நடுவே, மூன்று பேரும் வரிசையாகத் துப்பினோம். நாங்கள் ஒரு குடும்பமாகச் சேர்ந்து செய்த காரியங்களில் இதுதான் தகராறு இல்லாமல் நடந்தது.

வீட்டுக்காரரின் பட்டை ரோஜா நிறமாகி, அதைத் தாண்டி அடர்ந்து, கிட்டத்தட்ட பீட்ரூட் ஆகிவிட்டது. இந்த மனிதர் வாழ்க்கையில் ஓடிய நீண்ட தூரம், லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடியதுதான்.

"அண்ணா, உனக்கு எச்சில் பிரமாதம்."

"இந்த வீட்ல என்னைப் பத்தி வந்த முதல் நல்ல வார்த்த" என்றார் அவர். "எழுதிக் குடு. ஆபீஸ்ல மாட்டி வைக்கிறேன்."

நாத்தனாரின் பட்டை வெள்ளையாகவே இருந்தது. அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா அண்ணி. என் எச்சில்கூட வேல செய்ய மாட்டேங்குது."

வீட்டுக்காரர் சிரிக்க வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அப்புறம் என் பட்டையை எட்டிப் பார்த்தார். "இவளோடதும் வெள்ளதானே."

ஆமாம். பளிச்சென்று வெள்ளை.

நாத்தனாரின் முகம் மாறியது. ஆய்வுக்கூட முகம் வந்தது. "அண்ணா, காலைல எந்திரிச்சதுல இருந்து என்ன பண்ண, வரிசையா சொல்லு."

"எந்திரிச்சேன். பல்லு தேச்சேன். ஜூஸ் குடிச்சேன். பேப்பர் படிச்சேன்."

"மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிச்சியா?"

"எதுக்கு?"

அவள் வாஷ்பேசின் மேல் இருந்த பச்சை பாட்டிலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வாய்க்குள்ளேயே வாழ்க்கை நடத்துகிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயத்தைத் தண்ணீர் சோதிக்கிறவள் சொன்னாள். சாற்றில் இருக்கும் நைட்ரேட் நேரடியாக வேலை செய்யாது. அது ரத்தத்தில் கலந்து எச்சிலுக்குத் திரும்பி வரும். நாக்கில் குடியிருக்கும் கிருமிகள்தான் அதை அடுத்த பொருளாக மாற்றித் தர வேண்டும். அந்தக் கிருமிகளை நாங்கள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை கழுவி ஊற்றிக்கொண்டிருந்தோம். ஆறு வாரம் கொட்டியது எல்லாம் பல்லுக்குச் சாயம், அவ்வளவுதான்.

"சரி விடு, என் தப்புதான்" என்றேன். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. மவுத்வாஷ் என்னும் சின்னத் தப்புக்குப் பின்னால் பெரிய தப்பு ஒளிந்துகொள்ளும் என்று நினைத்தேன். "உன் உடம்புல ஒண்ணும் கோளாறு இல்ல. பாட்டில்லதான் கோளாறு."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க எவ்ளோ நாளா இதப் போட்டுக் கொப்பளிக்கிறீங்க அண்ணி?"

"லேப்ல சேந்ததுல இருந்து."

"அப்ப போன வருஷமும்?"

"ம்."

"அப்ப போன வருஷம் உங்களுக்கும் சாறு வேல செய்யல."

"செஞ்சிருக்காது."

"பின்ன அந்த நாலு நிமிஷம் எங்க இருந்து வந்துச்சு?"

வீட்டுக்காரர் தன் பட்டையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது இது: "பயிற்சிதான்."

"பயிற்சி நானும்தான் பண்ணேன்" என்றாள். மூன்று பட்டைகளையும் ஒரு காகிதத்தில் மடித்தாள். டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்தாள். "சாறு இல்லாமலே உங்களுக்கு நாலு நிமிஷம் குறைஞ்சிருக்கு. அது உடம்பு. எனக்குச் சாறு இருந்தாலும் குறையாது. நாளைக்குப் பேரு குடுத்தாச்சு, ஓடிடுறேன். அப்புறம் ஷூவ உங்ககிட்டயே குடுத்திடுறேன். லேப்ல யாருக்காவது ஆகும்."

மாடி ஏறினாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. அந்தக் கையைப் பார்த்துப் பத்து மாதம் ஆகியிருந்தது.

[அவள் கடைசியாகப் பேசியதை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு வார்த்தை குறைகிறது. எழுதும்போதுதான் நானும் கவனித்தேன்.]

6

மாவு இரண்டு முறை இறுகிவிட்டது. யாரோ ஒரு பெரியவருக்குத் திங்கட்கிழமை கீழ்த்தாடை வேண்டும். இந்த வாக்கியத்தை முடித்துவிட்டு அவரைப் பார்க்கிறேன்.

அன்று திரும்பும் இடத்தில் நான் திரும்பவில்லை. அதற்கு முன்னாலேயே திரும்பிவிட்டேன்.

கால்வாய் ஓரமாக நேராகப் போய், ஒரு பிளாஸ்டிக் கூம்பைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். எனக்கு முன்னால் போனவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள், பின்னால் வந்தவர்கள் வெகுதூரத்தில் வந்தார்கள். தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு கூம்பு தெரிந்தது. சுற்றித் திரும்பினேன். அது ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் மேசையில் யாரும் முட்டிவிடாமல் இருக்க வைத்த கூம்பு. உண்மையான கூம்பு இன்னும் முந்நூற்று முப்பது மீட்டர் தள்ளி இருந்தது. போக முந்நூற்று முப்பது, வர முந்நூற்று முப்பது. என் வேகத்துக்கு அது சரியாக நான்கு நிமிடம்.

இதுவரை அது தவறு. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கடிகாரத்தைப் பார்த்தேன். 9.34 கிலோமீட்டர் என்று காட்டியது. விசில் பக்கத்தில்தான் வாழைப்பழம் கொடுத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அறுவது நிமிஷம்! நாலு கொறச்சுட்டீங்க!" என்று விசில் அடித்தார். நான் இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் இருந்து அது பொய்.

அதற்குப் பிறகு நேரம் பார்க்கும் ஓட்டம் எதிலும் நான் ஓடவில்லை. முட்டி வலி என்று சொல்லியிருக்கிறேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

7

முடிவுகள். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல நினைத்தேன். எழுதிப் பார்த்தால் எனக்கே ஒன்றும் தேறவில்லை.

முடிவு அ: இந்தக் கதையை இன்றே குழுவின் பக்கத்தில் போடுகிறேன். என் நேர்மையைப் பாராட்டி நானூற்றுப் பதின்மூன்று பேர் லைக் போடுகிறார்கள். குமட்டுகிறது. தவிர, எல்லாரும் படித்த பிறகு அவளும் படிப்பாள். அது ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குச் சொல்வது.

முடிவு ஆ: சொல்வதில்லை. இன்று அவள் கொப்பளிக்கவில்லை, நாக்கில் கிருமிகள் குடும்பம் குடும்பமாகத் திரும்பி வருகின்றன, நாளைச் சாறு வேலை செய்கிறது, அறுபத்தொன்பது நிமிடத்தில் முடிக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். அதனால்தான் அடிக்கிறேன். ஒரே நாளில் கிருமி திரும்புமா என்று எனக்குத் தெரியாது. திரும்பினாலும் பீட்ரூட் அப்படி அள்ளிக் கொடுக்காது. கொடுத்தாலும் நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லப் போவதில்லை.

முடிவு இ: அவளுடைய அண்ணன் சொல்லிவிடுகிறார். நான் தப்பித்தேன். இந்த யோசனை வந்ததும் மதியம் லேபில் இருந்து அவருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, போன வருஷம் என் வாட்ச்..."

"ஒம்பது புள்ளி மூணு நாலு."

மாவுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான்தானேம்மா அத சார்ஜ் போட்டேன்."

"தெரிஞ்சுமா ஒரு வருஷம் சும்மா இருந்தீங்க?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன். நீயும் பீரோ சாவி பத்திக் கேக்காம இருந்தியே." பிறகு கேட்டார்: "அவகிட்ட நான் சொல்லட்டுமா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. நன்றாகக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கும் வாய்.

"வேணாம். நான் பாத்துக்கிறேன்."

"சரி. சாயங்காலம் வரும்போது பீட்ரூட் வாங்கிட்டு வா. எனக்கு ஃபார்ம் போயிடக் கூடாது."

8

அதனால் நடக்கப் போவது இதுதான். இதில் எனக்குத் தெரிந்த பாதியை மட்டும் எழுதுகிறேன்.

நாளை நானும் ஓடுகிறேன், அவள் வேகத்தில், அவள் பக்கத்தில். தண்ணீர் மேசை வரும். கூம்பு இருக்கும். அதைத் தாண்டிப் போவோம். அங்கே இருந்து உண்மையான கூம்பு வரைக்கும் முந்நூற்று முப்பது மீட்டர். போன வருடம் நான் ஓடாத தூரம் அது. அங்கேதான் சொல்லப் போகிறேன். வீட்டில் சொன்னால் அவளுக்கு மாடி இருக்கிறது, எனக்குச் சமையலறை இருக்கிறது. ஓடிப்போக இடம் இருக்கிறது. அங்கே இரண்டு பேரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்போம்.

எனக்கும் மூன்று வார்த்தைதான். லேபில் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு மூச்சில்: "போன வருஷம் நான்." அடுத்த மூச்சில்: "தண்ணி மேசைலயே திரும்பிட்டேன்டி." அதற்கடுத்த மூச்சில், முடிந்தால்: "ஒன்னோடது நெஜமான எழுவத்தொண்ணு."

பிறகு அவள் ஏதாவது சொல்வாள். அல்லது என்னைத் தாண்டி ஓடிவிடுவாள், அப்படி ஓடினால் எழுபதுக்குள் வந்தாலும் வருவாள். எதுவானாலும் மூன்று வார்த்தைக்கு மேல் அவளுக்கு வராது. அவளை உங்களுக்கு இவ்வளவு நேரம் காட்டிவிட்டேன். அவள் என்ன சொல்வாள் என்று நீங்களே நிரப்புங்கள். திட்டு என்றால் திட்டு. எனக்காகப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது இடத்தில் மட்டும் நான் கை வைத்துவிட்டேன். அதைக் காலியாக விட்டுப் பார்த்தேன், முடியவில்லை. உங்களுக்கு வேண்டாம் என்று பட்டால் அடித்துவிடுங்கள்.

"[..........] [..........] அண்ணி."